ஐந்தாண்டு மாத்திரை ஏன்? மார்பகப் புற்றுநோயும் ஹார்மோன் சிகிச்சையும்



மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்த பெண்கள் பலருக்கு, தினம் ஒரு மாத்திரை வீதம் ஐந்து ஆண்டுகள் சாப்பிடும்படி மருத்துவர் எழுதிக் கொடுக்கிறார். 'கட்டியை எடுத்தாயிற்று, உடம்பும் தேறிவிட்டது, இனி எதற்கு மாத்திரை?' என்று சிலர் நடுவிலேயே நிறுத்திவிடுகிறார்கள். இந்த ஐந்தாண்டுக் கணக்கு எப்படி வந்தது என்று தெரிந்தால் நிறுத்த மனம் வராது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், சூலகங்களை அகற்றினால் சில பெண்களுக்கு மார்பகப் புற்றுக்கட்டி சுருங்குகிறது என்று 1896-இல் எழுதினார். காரணம் அப்போது விளங்கவில்லை. சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன்தான் அத்தகைய கட்டிக்குத் தீனி என்பது பிறகு தெரிந்தது. ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் 'ஏற்பி' என்ற புரதம் செல்களில் இருப்பதை, அமெரிக்காவின் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் கண்டறிந்தார். ஏற்பியைப் பூட்டு என்றும், ஈஸ்ட்ரோஜனைச் சாவி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சாவி திரும்பினால் புற்றுச் செல் பெருகும்.

1962-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியல் அறிஞர் ஒரு மருந்தை உருவாக்கினார். அங்கே தேடியது கருத்தடை மருந்தை. எலிகளில் கருவைத் தடுத்த அது, பெண்களிடம் நேர்மாறாகக் கருமுட்டை வெளிவரத் தூண்டியது. வந்த நோக்கம் நிறைவேறாத அந்த மருந்துதான் டமாக்ஸிஃபென். அது பூட்டுக்குள் நுழையும், மார்பகத்தில் திரும்பாது. உண்மையான சாவிக்கு அங்கே இடமில்லாமல் போகும்.

அதன் முழுப் பயனை வெளிக்கொண்டு வந்தவர்களில் முதன்மையானவர், லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்த கிரெய்க் ஜோர்டான். 1970-களில் மசாசூசெட்ஸிலும் லீட்ஸிலும் எலிகளை வைத்து ஆராய்ந்தார். சிறிது காலம் மட்டும் மருந்து கொடுத்தபோது கட்டி தாமதமாக வந்தது. நீண்ட காலம் கொடுத்தபோது பெரும்பாலான எலிகளுக்குக் கட்டியே வரவில்லை. ஏற்பி உள்ள கட்டிக்கு, நீண்ட காலம் கொடுக்க வேண்டும் என்ற அவருடைய வாதத்தைப் பிற்காலத்தில் பெண்களிடம் நடந்த ஆய்வுகள் உறுதி செய்தன. ஏற்பி உள்ள நோயாளிகள் ஐந்து ஆண்டுகள் சாப்பிட்டால், அடுத்து வரும் ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் இறப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மாத்திரையை முடித்த பின்னும் அந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. சிலருக்குப் பத்து ஆண்டுகள் கொடுப்பது மேலும் நல்லது என்று 2012-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது.

தாம் வளர்த்த மருந்தின் தீமையையும் ஜோர்டான் மறைக்கவில்லை. அதே மருந்து கருப்பை உட்சுவரில் புற்றுச் செல்களைத் தூண்டக்கூடும் என்று ஆய்வகத்தில் கண்டு, எச்சரித்தார். எலும்பை அது காக்கிறது என்பதையும் கண்டார். அவர் 2024-இல் காலமானார்.

நம் குடும்பங்கள் நினைவில் வைக்க வேண்டியவை சில. பரிசோதனை அறிக்கையில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளதா, இல்லையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏற்பி இல்லாத கட்டிக்கு இந்த மாத்திரை பயன்படாது. ஆகவே ஒருவருக்கு எழுதியதை இன்னொருவர் வாங்கிச் சாப்பிடக் கூடாது. மாதவிடாய் நின்றவர்களுக்கு மருத்துவர் வேறு ஹார்மோன் மாத்திரை தரலாம். டமாக்ஸிஃபென் சாப்பிடும் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது. மாதவிடாய் நின்ற பின் உதிரப்போக்கு, ஒரு காலில் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது கண்டாலும் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். உடல் திடீரெனக் கொதிப்பதுபோல் இருப்பது பலருக்கும் வரும். தாங்க முடியாவிட்டால், நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இது பெரும்பாலும் நாளுக்கு ஒரு வேளை மாத்திரைதான் என்பதால், ரமளானில் இஃப்தாருக்குப் பிறகோ ஸஹரிலோ எடுத்துக்கொள்வது பற்றி முன்கூட்டியே கேட்டு வைக்கலாம்.

இந்த மாத்திரை வலியைப் போக்குவதில்லை. சாப்பிடுவதால் எதுவும் நடப்பதாகவும் தோன்றாது. அதனால்தான் நிறுத்தத் தோன்றுகிறது. கணவரும் பிள்ளைகளும் தினமும், 'மாத்திரை போட்டாச்சா?' என்று ஒரு வார்த்தை கேட்டால் அதுவே பேருதவி.