பத்துமலைச் சிலந்தியும் பரிணாமமும்

பரிணாமம் என்று பேச்செடுத்தாலே நம்மில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால், பத்துமலைப் படிகளில் தேங்காய் பறிக்கும் குரங்குகள் ஏன் இன்னும் குரங்காகவே இருக்கின்றன?” நியாயமான கேள்விதான். ஆனால் அக்குரங்குகள் நமக்குப் பாட்டன்மார் அல்லர், பங்காளிகள். ஏறத்தாழ 2 கோடியே 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பொது மூதாதையிடமிருந்து அவற்றின் கிளையும் நம் கிளையும் பிரிந்தன. பரிணாமம் ஏணியன்று, கிளைவிடும் மரம்.

அந்தக் கிளை எப்படிப் பிரிகிறது? விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அதே 272 படிகளில் ஏறும்போது, உச்சியை அடையுமுன் இடப்புறம் ஒரு வழி இருண்ட குகைக்குப் பிரிகிறது. தைப்பூசத்தன்று இலட்சக்கணக்கானோர் கடந்துபோகும் அவ்விடத்துக்குப் பக்கத்தில்தான் ‘லிபிஸ்தியஸ் பத்துயென்சிஸ்’ என்னும் சிலந்தி வாழ்கிறது. பத்துமலையிலேயே கண்டெடுக்கப்பட்டு, 1923இல் பெயரிடப்பட்ட இனம். பாறையில் பட்டுக்குழாய் ஒன்றை அமைத்து, அதற்குக் கதவும் போட்டு, வாசலில் நூல்களைப் பரப்பிவைக்கும். பூச்சி நூலை மிதித்ததும் கதவு திறக்கும்; பூச்சி உள்ளே போய்விடும்.

ஈப்போவுக்கு அருகிலுள்ள கந்தான் மலையிலும் இதே பேரினத்தைச் சேர்ந்த சிலந்தி உண்டு. ஆனால் அது வேறு இனம். அந்த மலையில் மட்டுமே அறியப்பட்டது. பினாங்கில் இன்னொன்று. இவை அதிகம் நடமாடுவதில்லை. பெண் சிலந்தி வாழ்நாள் முழுவதையும் தன் குழாயிலேயே கழித்துவிடும். வேறு பல சிலந்திக் குஞ்சுகளைப்போல இவற்றின் குஞ்சுகள் காற்றில் நூல்விட்டுப் பறப்பதும் இல்லை. இப்படிப்பட்ட உயிருக்குச் சுண்ணாம்புக்கல் மலை ஒவ்வொன்றும் கடலில்லாத தீவு. இரு கூட்டங்கள் பிரிந்துவிட்டால் அவற்றுக்குள் கலப்பு நின்றுவிடும். மரபணுவில் தற்செயலாகத் தோன்றும் சிறு மாற்றங்கள் அந்தந்தக் கூட்டத்திலேயே தங்கும். சூழலுக்கு ஒத்தவை பெருகும். சில வெறும் தற்செயலாலேயே நிலைக்கும். பல ஆயிரம் தலைமுறைகள் கழிந்து, மீண்டும் சந்தித்தாலும் சேர்ந்து குட்டி ஈன முடியாத நிலை வந்தால், அவை இரண்டு இனங்கள்.

மொழி படிப்போருக்கு இது புதிதன்று. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் பேசப்பட்ட தமிழ் சிறிது சிறிதாக மலையாளம் ஆயிற்று. ஆனால் தமிழ் பேசிய எந்தத் தாயும் மலையாளம் பேசும் பிள்ளையைப் பெறவில்லை. இனங்களுக்கும் அப்படிப் பிறந்தநாள் கிடையாது.

இதன் அடிப்படையை நம் நாட்டு மண்ணிலிருந்தே எழுதியவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். ஒவ்வோர் இனமும் தனக்கு நெருங்கிய முந்தைய இனம் ஒன்று வாழ்ந்த இடத்தையும் காலத்தையும் ஒட்டியே தோன்றுகிறது என்று 1855இல் சரவாக்கில் இருந்தபோது எழுதினார். டார்வினின் நூல் வர இன்னும் நான்காண்டுகள் இருந்தன.

ஒரு மலைக்கு ஓர் இனம் என்பதில் ஆபத்தும் இருக்கிறது. பகாங்கின் பஞ்சிங் மலையில் ‘பிளெக்டோஸ்தோமா சியாபிலம்’ என்ற மிகச்சிறிய நத்தை இருந்தது; வேறெங்கும் இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்காக அந்த மலையை உடைத்தார்கள். மலையோடு நத்தையும் போயிற்று. கந்தான் மலையிலும் கல்லுடைப்பு நடந்திருக்கிறது.