தலை முதல் பாதம் வரை

எழுபது முதல் தொண்ணூறு வருஷங்களுக்கு முன் ஹாலிவுட் ஸ்டூடியோக்களில் தயாரான ஆடல் பாடல் படங்களை, பழுது நீக்கிய தெளிவான பிரதிகளாக, தம் வீட்டுக் கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்து பார்க்கும் பாக்கியம், தூத்துக்குடித் துறைமுகத்துக் குமாஸ்தாவுக்கும் உப்பளத்துக் கணக்கப்பிள்ளைக்கும் இன்று ஒன்றுபோல வாய்த்திருக்கிறது. இப்படங்களைக் குறித்து மேல்நாட்டாரே எழுப்பும் பிரதான ஆட்சேபம், பேசிக்கொண்டிருந்த மனிதர் திடீரென்று எழுந்து பாடத் தொடங்குவது இயற்கைக்கு விரோதம் என்பதுதான். நமக்கு அந்தச் சங்கடமே கிடையாது. இன்றைய தூத்துக்குடி ஜில்லாவைச் சேர்ந்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், ராஜா முதல் சேவகன் வரை யாவரும் பாட்டிலேயே வழக்காடும் நாடகங்களைத் தமிழ்நாடெங்கும் நிலைநாட்டிவிட்டுப் போனவர். அந்த மேடை மரபிலிருந்து ‘பவளக்கொடி’ 1934இல் பேசும் படமாக வந்தபோது அதில் ஏறத்தாழ 50 பாடல்கள் இருந்தன. பாட்டுக்கு நடுவே இவ்வளவு பேச்சு எதற்கு என்று வேண்டுமானால் அக்காலத்து ரசிகர்கள் கேட்டிருப்பார்கள்.

நமக்குப் பழக்கமில்லாதது வேறு. அந்நாளைய தமிழ்ப் படத்தில் தியாகராஜ பாகவதர் பாடினால், நின்ற இடத்திலேயே நின்று பாடுவார். காமிராவும் அவர் முகத்தை விட்டு நகராது. ஆளை மறந்து குரலைக் கேட்டுவிட்டு வந்தோம். ஹாலிவுட்டிலோ, 1935இல் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ எடுத்த ‘டாப் ஹாட்’ போன்ற படங்களில் ஆடிய ஃபிரெட் அஸ்டேர், தாம் ஆடும்போது உச்சி முதல் உள்ளங்கால் வரை திரையில் தெரிய வேண்டும், காட்சியை இயன்ற மட்டும் வெட்டாமல் ஒரே ஓட்டமாகக் காட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். முகத்தைக் காட்டிக் காலை மறைத்தால் ஆடியவர் யார் என்பதற்கு அத்தாட்சி ஏது?

இதே படத்தில் ஜிஞ்சர் ராஜர்ஸ் தீக்கோழி இறகுகளால் ஆன உடை அணிந்து அஸ்டேரோடு ஆடும் இடம் ஒன்று உண்டு. ஒத்திகையில் அந்த இறகுகள் உதிர்ந்து பறந்து அஸ்டேரின் கோட்டில் ஒட்டி, அவரைக் கோபமூட்டிய சங்கதி பிரசித்தமானது. தையற்காரர்கள் பாடுபட்டுச் சரிசெய்த பின்னும் சில இறகுகள் உதிரவே செய்தன. கொட்டகையில் கண்ணுக்குத் தப்பிய அந்த இறகுகளை, நிறுத்தியும் திருப்பியும் பார்க்க வசதியுள்ள வீட்டு ரசிகர் நன்றாகக் காணலாம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய படங்களின் சட்டம் ஏறக்குறையச் சதுரமானது. நம் டிவியோ அகலமானது. இரண்டு ஓரங்களிலும் கறுப்புப் பட்டை தெரிகிறதே என்று மனம் பொறாமல், ரிமோட்டை அழுத்திப் படத்தைப் பெரிதாக்கித் திரையை நிரப்புகிறவர்கள், மேலே தலையையும் கீழே காலையும் தாங்களே வெட்டியவர்களாகிறார்கள். அஸ்டேர் போராடிப் பெற்ற பாதங்கள் அத்தோடு போயின. பக்கவாட்டில் இழுத்தால் ஆடுகிறவர் அனைவரும் ஒரேயடியாகப் பருத்துவிடுவார்கள். பட்டை கிடக்கட்டும் என்று விடுவதே நல்ல ரசனை.

முத்துக்குளித்த கரையில் எஸ்தர் வில்லியம்ஸை விட்டுவிடுவது நியாயமாகாது. எம்.ஜி.எம். கம்பெனி இந்த நீச்சல்காரிக்காகவே பிரத்தியேகமான குளம் அமைத்து, நீருக்கடியிலும் அவரைச் சிரிக்க வைத்துப் படம் பிடித்தது. மூச்சடக்கிச் சிப்பி எடுத்த குளியாட்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சிரிப்பு வேடிக்கையாகத்தான் இருக்கும் (இங்கே 1961க்குப் பின் முத்துச் சலாபம் இல்லை, சங்கு குளிப்புத்தான் உண்டு). ஆயினும் ‘மில்லியன் டாலர் மெர்மெய்ட்’ (1952) படத்துக்காக, தலையில் உலோகக் கிரீடத்தோடு சுமார் 50 அடி உயரத்திலிருந்து நீரில் பாய்ந்த அந்த அம்மாள், கழுத்தெலும்பு முறிந்து மாதக்கணக்கில் மாவுக்கட்டில் கிடந்தார் என்று அறிந்தால், சிரிப்பின் விலை தெரியும்.

அதே ஆண்டில் வெளிவந்த ‘சிங்கின் இன் தி ரெயின்’ படத்தில், ஊமைப் படத்து நாயகியின் குரல் சகிக்காமல் போகவே, இன்னொரு பெண்ணைத் திரைக்குப் பின்னால் நிறுத்திப் பாட வைக்கிறார்கள். அந்த மோசடி வெளிப்படுவதே கதையின் முடிச்சு. பின்னணிப் பாடகர்களைத் தெய்வமாகக் கொண்டாடும் நமக்கு, இதில் மோசடி எங்கே என்று தோன்றும். குரல் கொடுக்கும் பெண்ணாக நடித்த டெபி ரெய்னால்ட்ஸுக்கே ஒரு பாட்டுக்கு பெட்டி நாயஸ் என்பவர் குரல் கொடுத்தார் என்பது இதிலுள்ள தமாஷ்.

ஆட்டமும் சொந்தம், பாட்டும் சொந்தம் என்று தமிழில் வந்த அபூர்வமானவர் நம் ஊர்க்காரர். 1927 ஆகஸ்டில், பனிமய மாதா திருவிழா நடக்கும் நாட்களில் பிறந்து, பனிமயதாஸ் என்று மாதாவின் பெயரையே தாங்கிய ஜே.பி. சந்திரபாபு, சுதந்திரப் போராட்டத்தில் இறங்கிய தந்தையோடு குடும்பம் இலங்கைக்கு அனுப்பப்பட்டதால் கொழும்பில் வளர்ந்து, பின்பு சென்னை வந்து சேர்ந்தார். குரலைச் சட்டென்று மாற்றி மாற்றிப் பாடும் மேல்நாட்டு யோடலிங் பாணியைத் தமிழ்ப் பாட்டில் பொருத்தமாக இழைத்தவர் அவர்; ‘பெண்’ (1954) படத்தில் வீணை எஸ். பாலசந்தருக்கே குரல் கொடுத்தவர். ‘சபாஷ் மீனா’வில் (1958) அவர் ஏற்ற இரண்டு வேஷங்களில் ஒன்று சென்னை ரிக்‌ஷாக்காரன், சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாலும் நடையைக் கொண்டே ஆளைப் பிரித்துச் சொல்லலாம்.

ஆனால் நம் ஸ்டூடியோக்கள் இந்த வித்தையை வைத்த இடம் எது? அஸ்டேரும் ‘சிங்கின் இன் தி ரெயின்’ புகழ் ஜீன் கெல்லியும் ஆடினால் அங்கே அவர்களே கதாநாயகர்கள். இங்கே அந்த ஆட்டம் விதூஷகன் பங்காயிற்று. ஏ.வி.எம்.மின் ‘சகோதரி’ (1959) முடிந்த பிறகு, படம் சோபிக்கவில்லை என்று கண்டு, சந்திரபாபுவை அழைத்துப் பால்காரராக ஒரு தனிப் பகுதி எடுத்து நடுநடுவே சேர்த்தார்கள், படம் பிழைத்தது. படத்தைப் பிழைக்க வைத்த மனிதருக்குக் கதையில் வேர் இல்லை என்பதை அப்போது யாரும் குறையாக எண்ணவில்லை. 1960இல் கண்ணதாசன் தயாரித்த ‘கவலை இல்லாத மனிதன்’ அவரைக் கதாநாயகனாக்கிற்று, படம் தோற்றது. 1966இல் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ என்று சுவிசேஷ வாக்கையே தலைப்பாக வைத்து அவரே டைரக்ட் செய்தார். 1974இல், ஐம்பது வயதை எட்டாமலே காலமானார்.

புதிதாகத் தொடங்குகிறவர் ‘டாப் ஹாட்’டை முதலிலும், ‘சிங்கின் இன் தி ரெயி’னை அடுத்தும், மூன்றாவதாக ‘சபாஷ் மீனா’வையும் பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம். தமிழில் சினிமாஸ்கோப் என்ற அகலச் சட்டம் 1973இல் ‘ராஜராஜ சோழ’னோடுதான் வந்தது, ஆகையால் சந்திரபாபுவின் பேர்பெற்ற ஆட்டங்களும் அதே சதுரச் சட்டத்துக்குள் எடுக்கப்பட்டவையே. மூன்றாவது படத்துக்கும் ரிமோட்டைத் தொடாதிருப்பது நல்லது.