வேலைக்கேற்ற காற்றழுத்தி

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் தானா ராத்தா நகரம் அமைந்துள்ளது. மலாய் மொழியில் அப்பெயருக்குச் சமநிலம் என்பது பொருள். நகரைச் சுற்றியுள்ள நிலமோ சமமானது அன்று. மேடும் பள்ளமுமான சரிவுகளில் தேயிலைத் தோட்டங்களும் காய்கறித் தோட்டங்களும் பரவிக் கிடக்கின்றன. இங்குள்ள போ தேயிலைத் தோட்டம் 1929ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. செங்குத்தான மண்பாதைகளில் ஆட்களையும் விளைபொருள்களையும் ஏற்றிச் செல்லப் பழைய லேண்ட் ரோவர் வண்டிகள் இன்றும் இங்கே ஓடுகின்றன.

சேறும் மேடும் நிறைந்த பாதையில் ஓடும் வண்டி அடிக்கடி பழுதாகும். எனவே, வண்டியைப் பழுதுபார்க்கும் கைத்திறன் இங்குப் பலருக்கும் உண்டு. கார் நிறுத்தும் கொட்டகையின் ஒரு மூலையே பட்டறையாகிவிடும். அத்தகைய ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். தோட்டத்தில் வண்டி பழுதுபார்க்கும் வேலை செய்யும் தந்தை, வார இறுதியில் வீட்டிலேயே சிறு பட்டறை நடத்த விரும்புகிறார். அதற்காகச் சில மாதங்களாகப் பணம் சேர்த்து வந்துள்ளார். முதலில் அவர் வாங்க நினைப்பது ஒரு காற்றழுத்தி. பட்டறைகளில் இதனைக் ‘கம்ப்ரசர்’ என்றே அழைப்பர்.

“எத்தனை லிட்டர் தொட்டி வாங்கலாம்?” என்று தந்தை கேட்கிறார். படிவம் நான்கில் பயிலும் மகளோ, “அப்பா, அதை வைத்து என்னென்ன வேலை செய்யப் போகிறீர்கள்?” என்று கேட்கிறாள். முதலில் விடை காண வேண்டியது மகளின் கேள்விக்கே. ஏன் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

காற்றழுத்தி இயங்கும் விதம்

காற்றழுத்தியில் மின்விசைப்பொறி, பிஸ்டன், தொட்டி ஆகிய மூன்றும் முதன்மையான பகுதிகள். மின்விசைப்பொறி பிஸ்டனை இயக்குகிறது. பிஸ்டன் வெளிக்காற்றை உள்ளிழுத்து, நெருக்கித் தொட்டிக்குள் தள்ளுகிறது. வெப்பநிலை மாறாதபோது, குறிப்பிட்ட அளவு வாயுவின் கன அளவு குறையக் குறைய அதன் அழுத்தம் கூடும். இதனை 1662ஆம் ஆண்டில் இராபர்ட் பாயில் என்னும் அறிவியலாளர் வெளியிட்டார். இயற்பியல் வகுப்பில் நாம் படிக்கும் பாயில் விதியே ஒவ்வொரு பட்டறையிலும் வேலை செய்கிறது.

தொட்டியில் அழுத்தம் ஓர் உச்ச அளவை எட்டியதும் பொறி தானாக நின்றுவிடும். காற்றைப் பயன்படுத்த அழுத்தம் குறையும். கீழ் அளவுக்கு இறங்கியதும் பொறி மீண்டும் இயங்கும். இந்த அளவுகள் ‘பார்’ என்னும் அலகில் குறிக்கப்படும். ஒரு பார் என்பது 100 கிலோபாஸ்கல். சில கருவிகளில் சதுர அங்குலத்திற்கு இத்தனை பவுண்டு என்று எழுதியிருக்கும். ஒரு பார் ஏறத்தாழ 14.5 பவுண்டுக்குச் சமம்.

வேலையும் காற்றின் தேவையும்

பட்டறையில் காற்றைக் கொண்டு செய்யும் வேலைகள் ஒரே தன்மையன அல்ல. டயருக்குக் காற்றடைக்க அதிகக் காற்று தேவைப்பட்டாலும், அது மெதுவாகச் சேர்ந்தால் போதும். தேயிலை பறிக்கும் பொறி, புல்வெட்டி ஆகியவற்றின் காற்று வடிகட்டியில் படிந்த தூசியை ஊதவும் சில நொடிகளே ஆகும். சக்கர நட்டுகளைக் கழற்றும் காற்றுக் கருவிக்கு 6 பார் அளவு அழுத்தமும், நிமிடத்திற்கு 100 லிட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட காற்றும் வேண்டும். ஆயினும், ஒரு நட்டைக் கழற்றச் சில நொடிகளே பிடிக்கும் என்பதால் இடையில் ஓய்வு கிடைக்கும். வண்டிக்குச் சாயம் தெளிப்பதில் அந்த ஓய்வு இல்லை. தெளிப்புத் துப்பாக்கிக்குக் குறைந்த அழுத்தம் போதுமென்றாலும், நிமிடத்திற்கு 200 லிட்டருக்கு மேல் காற்று தேவைப்படலாம். அதுவும் தடையின்றி வர வேண்டும்.

எனவே, காற்றழுத்தியை வாங்கும் முன் இரண்டு எண்களை அறிய வேண்டும். ஒன்று, கருவிக்குத் தேவையான அழுத்தம். மற்றொன்று, ஒரு நிமிடத்திற்குத் தேவையான காற்றின் அளவு. வீட்டுக்கென விற்கப்படும் காற்றழுத்திகள் பெரும்பாலும் 8 பார் வரை அழுத்தம் தருவதால் முதல் எண் அதிகம் சிக்கல் தருவதில்லை. இரண்டாவது எண்ணில்தான் பலர் ஏமாறுகின்றனர்.

காற்றழுத்தியின் மேல் நிமிடத்திற்கு 200 லிட்டர் என்று எழுதியிருக்கலாம். இது பெரும்பாலும் பிஸ்டன் உள்ளிழுக்கும் கன அளவு. கசிவு, வெப்பம் முதலியவற்றால் அதில் ஒரு பகுதி வீணாகும். குழாய் வழியாக உண்மையில் வெளிவருவது 140 லிட்டராகவே இருக்கலாம். ஆகவே, விற்பனையாளரிடம், “உள்ளிழுக்கும் அளவா, வெளிவரும் அளவா?” என்று தெளிவாகக் கேட்டறிதல் வேண்டும். அளவு கன அடியில் குறிக்கப்பட்டிருந்தால், ஒரு கன அடியை 28.3 லிட்டராகக் கொண்டு மாற்றிக் கொள்ளலாம்.

மலைக்காற்று செய்யும் மாற்றம்

தானா ராத்தாவில் வாழ்வோர் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். கடல் மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். உயரே செல்லச் செல்லக் காற்று அடர்த்தி குறைகிறது. 1,440 மீட்டர் உயரத்தில் அழுத்தம் ஏறத்தாழ 85 கிலோபாஸ்கலாகக் குறைந்துவிடும். பிஸ்டன் ஒவ்வொரு முறையும் அதே கன அளவை உள்ளிழுத்தாலும், அதற்குள் இருக்கும் காற்று சமவெளியைவிடக் குறைவாகவே இருக்கும்.

இதன் விளைவு என்ன? சமவெளியில் 140 லிட்டர் தரும் காற்றழுத்தி, இம்மலையில் ஏறத்தாழ 120 லிட்டருக்கு ஈடான காற்றையே தரும். தொட்டி நிரம்பவும் கூடுதல் நேரமாகும். ஈப்போவில் நன்றாக இயங்கிய கருவி மலைமேல் திணறினால் அதனைப் பழுதென்று எண்ணிவிடக் கூடாது. நிமிடத்திற்கு 100 லிட்டர் தேவைப்படும் வேலைக்கு, குறைந்தது 120 லிட்டர் வெளியீடுள்ள கருவியைத் தேர்ந்தெடுப்பதே இங்குப் பொருத்தமானது.

தொட்டியின் பங்கு

பெரிய தொட்டி இருந்தால் அதிகக் காற்று கிடைக்கும் என்று பலர் நினைக்கின்றனர். தொட்டி காற்றை உருவாக்குவதில்லை, சேமித்து வைக்கிறது. இதனை ஒரு கணக்கின்வழி அறியலாம்.

50 லிட்டர் தொட்டியில் அழுத்தம் 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்குகிறது என்போம். அப்போது வெளிவரும் காற்று, 50ஐ 2ஆல் பெருக்கக் கிடைக்கும் 100 லிட்டர். நிமிடத்திற்கு 250 லிட்டர் கேட்கும் தெளிப்புத் துப்பாக்கியை இதில் இணைத்தால், பொறி 120 லிட்டரைத் தரும். எஞ்சிய 130 லிட்டரைத் தொட்டி ஈடுகட்ட வேண்டும். சேமிப்பில் உள்ள 100 லிட்டர் ஒரு நிமிடத்திற்குக்கூடப் போதாது. பின்னர், அழுத்தம் மேலும் குறையும். சாயம் திட்டுத் திட்டாகப் படியும். நட்டு கழற்றும் கருவிக்கோ அதே தொட்டி தாராளமாகப் போதும். நட்டுக்கு நட்டு கிடைக்கும் இடைவெளியில் பொறி தொட்டியை மீண்டும் நிரப்பிவிடும்.

மின்சாரமும் ஓசையும்

ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். 2 குதிரைத்திறன் பொறி ஏறத்தாழ 1,500 வாட் திறனை வெளியிடும். அதைவிடச் சற்றுக் கூடுதலான மின்சாரத்தை எடுத்துக் கொள்ளும். மலேசிய வீடுகளில் பயன்படும் 13 ஆம்பியர் செருகி, 230 வோல்ட்டில் ஏறத்தாழ 3,000 வாட் வரை தாங்கும். பொறி தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிடப் பன்மடங்கு மின்னோட்டம் பாயும். ஆகவே, சாதாரண வீட்டுச் செருகிக்கு 2 குதிரைத்திறன் பொறி ஏற்றது. அதற்கு மேற்பட்ட பொறிக்குத் தனி மின்கம்பி தேவையா என்று உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் கேட்டறிய வேண்டும்.

மெல்லிய நீட்டிப்பு மின்கம்பியைப் பயன்படுத்துவதும் தவறு. நீண்ட மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் குறையும். பொறி சூடேறிக் கருகக்கூடும். தூரத்தில் வேலை இருந்தால் மின்கம்பியை நீட்டாமல் காற்றுக் குழாயை நீட்டுவதே பாதுகாப்பு.

காற்றழுத்திகளில் எண்ணெய் தேவைப்படுபவை, எண்ணெய் தேவைப்படாதவை என இருவகை உண்டு. எண்ணெய் இல்லாதவை எடை குறைந்தவை, பராமரிப்பு எளிது. எனினும், இவற்றுள் மலிவானவை பெரும் ஓசை எழுப்பும், விரைவில் தேயும். எண்ணெய் ஊற்றி இயங்குபவை, அதிலும் வார்ப்பட்டையால் சுழல்பவை, நீண்ட நாள் உழைக்கும். அவற்றின் எண்ணெய் அளவைத் தவறாமல் பார்த்து வர வேண்டும். ஓசை 85 டெசிபலை எட்டும் இடத்தில் நெடுநேரம் இருந்தால் செவித்திறன் பாதிக்கப்படும். வரிசை வீடுகளில் வாழ்வோர் அண்டை வீட்டாரின் அமைதியையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தொட்டிக்குள் மறைந்திருக்கும் நீர்

மூடுபனி சூழ்ந்த மலைக்காற்றில் ஈரம் மிகுதி. 18 பாகை செல்சியசில் முழு ஈரம் கொண்ட ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 15 கிராம் நீராவி இருக்கும். அக்காற்றை 8 பார் வரை நெருக்கிக் குளிரவிட்டால், ஏறத்தாழ 13 கிராம் நீராவி நீராக மாறிவிடும். அந்நீர் தொட்டியின் அடியில் தேங்கும்; இரும்பை உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்யும். வெளியே சாயம் பளபளத்தாலும் உள்ளே தகடு மெலிந்து கொண்டிருக்கும். மெலிந்த தகடு ஒருநாள் அழுத்தம் தாளாமல் வெடித்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இதைத் தடுக்கும் வழி மிக எளிது. தொட்டியின் அடியில் நீரை வெளியேற்றும் திருகு ஒன்று இருக்கும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் அழுத்தத்தைக் குறைத்து, அதனைத் திறந்து நீரை வடிக்க வேண்டும். வாங்கும்போதே அத்திருகு கைக்கு எட்டும் இடத்தில் உள்ளதா என்று பார்த்துக் கொள்வது நல்லது. பழைய காற்றழுத்தி மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படக் கூடாது. துருப்பிடித்த தொட்டியைப் பற்றவைத்து ஒட்டியிருந்தால் அதனை வாங்கவே கூடாது. அழுத்தமானி, பாதுகாப்பு வால்வு, தொட்டியின் மேல் பொறித்த உயர்ந்தபட்ச அழுத்த அளவு ஆகிய மூன்றும் இருத்தல் அவசியம். பணியிடங்களில் உள்ள அழுத்தத் தொட்டிகளை மலேசியத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறை கண்காணித்து வருகிறது. அழுத்தப்பட்ட காற்றை விளையாட்டாகக் கருதக் கூடாது என்பதற்கு இதுவே சான்று.

கைக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை

அழுத்தப்பட்ட காற்றால் உடையில் படிந்த தூசியை ஊதும் பழக்கம் பலரிடம் உண்டு. அது மிகவும் ஆபத்தானது. வேகமாக வரும் காற்று கண்ணையும் செவிப்பறையையும் சிதைக்கும். தோலில் வெட்டுக்காயம் இருந்தால் உடலுக்குள்ளும் புகலாம். பழைய வண்டிகளின் பிரேக் தூசியையும் காற்றால் ஊதக் கூடாது. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருக்கலாம். அதன் நுண்ணிய இழைகள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோய் போன்ற கொடிய நோய்களை உண்டாக்கும். பழைய லேண்ட் ரோவர்களைப் பழுதுபார்ப்போர் இதனை மறத்தல் ஆகாது. ஈரத் துணியால் துடைத்து, அத்துணியைப் பையில் இட்டுக் கட்டி அப்புறப்படுத்துவதே தக்க முறை. பட்டறையில் கண்ணாடியும் செவிக்காப்பும் அணிவதும் கட்டாயம்.

முடிவு

தந்தையும் மகளும் மேசையில் அமர்ந்து, செய்யவிருக்கும் வேலைகளைத் தாளில் எழுதுகின்றனர். டயருக்குக் காற்றடைத்தல், வடிகட்டியை ஊதுதல், சக்கர நட்டு கழற்றுதல் ஆகிய மூன்றும் வாரந்தோறும் வருபவை. சாயம் தெளிப்பதோ ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் அதிகம். அந்த ஒரு வேலைக்காகப் பெரிய கருவியை வாங்கினால் சேமிப்பும் கரையும்; வீட்டு மின்சாரமும் தாங்காது. எனவே, சாயம் தெளிக்கும் வேலையைச் சாயப் பட்டறைக்கே விட்டுவிடத் தந்தை முடிவு செய்கிறார். 2 குதிரைத்திறன், 50 லிட்டர் தொட்டி, 140 லிட்டர் வெளியீடு கொண்ட, எண்ணெய் ஊற்றி இயங்கும் புதிய காற்றழுத்தியே அவர்களின் தேர்வு. மீதிப் பணத்தில் நல்ல காற்றுக் குழாயும் கண்ணாடியும் செவிக்காப்பும் வாங்க முடிகிறது. நாள்தோறும் நீரை வடிக்கும் பொறுப்பை மகளே ஏற்றுக் கொள்கிறாள்.

‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. ஒரு கருவியின் சிறப்பு அதன் பெருமையில் இல்லை. நம் வேலைக்கும் வீட்டுக்கும் வாழும் இடத்துக்கும் அது பொருந்துவதில்தான் உள்ளது. வேலையை அறிந்து, கணக்கிட்டு, பின்னர்க் கடைக்குச் செல்வோர் பணத்தையும் காப்பர், உயிரையும் காப்பர்.