சோதனை வேண்டும், அவமதிப்பு வேண்டாம்

அமெரிக்க விமான நிலையங்களில் செக்யூரிட்டி செக்கின்போது ஷூவைக் கழற்ற வேண்டும் என்ற விதி 2025 ஜூலையில் நீக்கப்பட்டது. 2001 டிசம்பரில் பாரீஸிலிருந்து மயாமிக்குப் போன விமானத்தில், ஷூவுக்குள் மறைத்து வைத்திருந்த வெடிமருந்தைக் கொளுத்த முயன்று ரிச்சர்ட் ரீட் என்பவன் பிடிபட்டான். அதைக் காரணமாகக் காட்டி, 2006-இல் எல்லாப் பயணிகளும் ஷூவைக் கழற்றியே தீர வேண்டும் என்றார்கள். ஒருவன் செய்த முயற்சிக்காகக் கோடிக்கணக்கான மக்கள் சுமார் 19 ஆண்டுகள் வெறுங்காலோடு வரிசையில் நின்றார்கள். ஒரு விதி வருவதற்கு ஒரு சம்பவம் போதும். அது போவதற்கு ஒரு தலைமுறைக்காலம் ஆகிறது.

விமான நிலையத்தில் சோதனையே கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. அதிலும் சென்னைக்காரர்கள் சொல்லவே முடியாது. 1984 ஆகஸ்ட் 2 அன்று இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொழும்பு விமானத்துக்காகப் பெட்டிகளைக் கொடுத்த பயணி விமானம் ஏறவில்லை. அந்தப் பெட்டிகளில்தான் குண்டு இருந்தது. அடுத்த ஆண்டு ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் கடலுக்கு மேல் வெடித்துச் சிதறி, அதிலிருந்த 329 பேரும் மாண்டார்கள். அங்கும் அதே கதைதான். வான்கூவரில் பெட்டியைக் கொடுத்தவன் விமானத்தில் ஏறவில்லை; பெட்டி மட்டும் போனது.

இந்தப் படுகொலைகளிலிருந்து உலகம் ஒரு பாடம் கற்றது. பயணி ஏறவில்லை என்றால் அவருடைய பெட்டியும் போகக் கூடாது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு விமானிகளின் அறைக்கு உறுதியான கதவு பொருத்திப் பூட்டினார்கள். இந்த இரண்டு ஏற்பாடுகளும் பயணியின் உடம்பைத் தொடுவதில்லை. அவருடைய மானத்தைக் குறைப்பதுமில்லை. பாதுகாப்பு வேண்டுமென்றால் சுதந்திரத்தை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்ற வாதம் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இவையே சாட்சி.

கெடுபிடி கூடினால் பாதுகாப்பும் கூடிவிடும் என்பதும் உண்மையல்ல. 2015-இல் அமெரிக்க விமான நிலையங்களில் அரசின் ரகசியச் சோதனைக் குழுவினர் போலி வெடிகுண்டுகளையும் ஆயுதங்களையும் மறைத்து எடுத்துச் சென்றார்கள். 70 முயற்சிகளில் 67 முறை அவர்கள் பிடிபடவில்லை என்ற செய்தி வெளியானதும், பாதுகாப்பு அமைப்பின் பொறுப்புத் தலைவரே மாற்றப்பட்டார். ஷூவையும் பெல்ட்டையும் கழற்ற வைத்து, தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிய அதே வரிசைகளில்தான் இது நடந்தது.

2009 கிறிஸ்துமஸ் அன்று உள்ளாடைக்குள் வெடிமருந்து வைத்திருந்தவன் பிடிபட்டதும், உடையை ஊடுருவி உடலைக் காட்டும் ஸ்கேனர்கள் வேகமாகப் பரவின. நிர்வாணப் படம் எடுப்பதுபோல இருக்கிறது என்று அமெரிக்க மக்கள் கொதித்தார்கள். நாடாளுமன்றம் தலையிட்டது. உடலை அப்படியே காட்டிய இயந்திரங்கள் 2013-இல் அகற்றப்பட்டன. இப்போது திரையில் பொதுவான ஒரு மனித உருவம் மட்டுமே தெரிகிறது. சந்தேகத்துக்குரிய இடத்தை அது குறித்துக் காட்டுகிறது. மக்கள் எதிர்த்ததால் சோதனை நின்றுவிடவில்லை. மரியாதையான சோதனையாக மாறியது.

எதிர்க்க முடியாதவர்களின் நிலைதான் பரிதாபம். மலேசியாவைச் சேர்ந்த ரஹீனா இப்ராஹிம், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர். 2005 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் அவரைக் கைவிலங்கிட்டு அழைத்துப் போனார்கள். எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் படிவத்தில் தவறான கட்டத்தில் குறியிட்டதால், பறக்கத் தடை செய்யப்பட்டோர் பட்டியலில் அவர் பெயர் ஏறியிருந்தது. நீதிமன்றத்தில் இந்த உண்மை வெளிவர 9 ஆண்டுகள் ஆயின.

2011-இல் நியூயார்க்கில், விமானத்தில் ஏறி அமர்ந்துவிட்ட அப்துல் கலாமின் கோட்டையும் ஷூவையும் வாங்கிக்கொண்டு போய்ச் சோதித்தார்கள். இந்தியா கண்டித்தது, அமெரிக்கா வருத்தம் தெரிவித்தது. முன்னாள் குடியரசுத் தலைவர் என்பதால் அவருக்கு வருத்தமாவது கிடைத்தது. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு ஊர் திரும்பும் கூலித் தொழிலாளியைத் தனியே நிறுத்தி மணிக்கணக்கில் விசாரித்தால், அவரிடம் யார் வருத்தம் தெரிவிக்கப் போகிறார்கள்?

நம் நாட்டிலும் இந்தக் குறை உண்டு. ஒவ்வொரு முறையும் தன் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்வது எவ்வளவு வலிக்கிறது என்று நடனக் கலைஞர் சுதா சந்திரன் 2021-இல் பிரதமருக்கே வீடியோவில் முறையிட்டார். மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு டிசம்பரில், மாற்றுத் திறனாளிகளைச் செயற்கை உறுப்பைக் கழற்றச் சொல்லக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதில் அரசு கைவைக்க வேண்டுமானால் அதற்குச் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான தேவை இருக்க வேண்டும், எடுக்கும் நடவடிக்கை அந்தத் தேவைக்கு மேல் போகக் கூடாது. விமான நிலையத்தின் ஒவ்வொரு விதியையும் இந்த மூன்று கேள்விகளால் அளக்க வேண்டும்.

முகத்தையே போர்டிங் பாஸாக்கும் டிஜியாத்ரா திட்டம் நம் விமான நிலையங்களில் 2022 டிசம்பரில் தொடங்கியது. விருப்பமுள்ளவர்கள் மட்டும் சேரலாம் என்பதுதான் விதி. ஆனால், விவரம் சொல்லாமலேயே வாசலில் முகத்தைப் பதிந்துகொண்டார்கள் என்று பயணிகள் புகார் சொன்னார்கள். பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை மாற்ற முடியாது.

அரசு செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஒவ்வொரு சோதனை விதியையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்து, பயனில்லாததை நீக்க வேண்டும். தவறாகத் தடுக்கப்பட்டவர் அங்கேயே புகார் கொடுக்கவும், எழுத்தில் பதில் பெறவும் வழி வேண்டும். மாற்றுத் திறனாளிகளையும் முதியவர்களையும் சோதிக்கும் முறையைக் காவலர்களுக்குத் தொடர்ந்து கற்றுத்தர வேண்டும்.

பயணிகளாகிய நாமும் வாயைத் திறக்க வேண்டும். தடவிச் சோதிப்பது சங்கடமாக இருந்தால் மறைவான இடம் கேளுங்கள். முகத்தைப் பதிய விருப்பமில்லை என்றால் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போங்கள். பக்கத்து வரிசையில் யாரேனும் அவமதிக்கப்பட்டால், விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று கடந்துபோகாமல் அவருக்காக ஒரு வார்த்தை பேசுங்கள். கேட்கிறவர்கள் இருக்கும் இடத்தில்தான் விதிகள் திருந்தும்.