கேபிள் கார் கயிற்றில் முடிச்சு எங்கே இருக்கிறது? அப்பா கேட்ட கேள்வி

மலேசியாவின் லங்காவி தீவில் கேபிள் கார் ஏறியபோது எல்லோரும் கீழே காட்டைப் பார்த்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் அப்பா மட்டும் தலைக்கு மேலே ஓடும் கயிற்றையே பார்த்துக்கொண்டு வந்தார். செவிலிமேட்டில் 40 வருஷமாகத் தறியில் உட்கார்ந்தவர். நூல், கயிறு எதைப் பார்த்தாலும் கண் அங்கேதான் போகும். "ஏம்மா, இந்தக் கயிறு சுத்திச் சுத்தித்தானே வருது? அப்போ முடிச்சு எங்க இருக்கு?"

என்னிடம் பதில் இல்லை. அந்த நேரம் பார்த்து கேபின் நின்றது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு நரசிம்மரைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். ஒரு நிமிடம்கூட இருக்காது, மறுபடி நகர்ந்தது. ஆனால், அந்தக் கேள்வி மனசிலேயே நின்றுவிட்டது.

முதலில், எதில் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். லங்காவி ஸ்கைகேப், மச்சின்சாங் மலையில் சுமார் 2.2 கி.மீ. தூரம் ஏறுகிறது. மேல் ஸ்டேஷன் 708 மீட்டர் உயரத்தில். நடுவில் தூணே இல்லாமல் 950 மீட்டர் அந்தரத்தில் போகிற இடம் ஒன்று உண்டு, அங்கேதான் வயிறு கலக்கும். 'பில்லா' (2007) படத்தில் அஜித் நடந்து வந்த வளைந்த பாலம் இந்த உச்சியில்தான் இருக்கிறது.

சரி, முடிச்சு எங்கே? முடிச்சே கிடையாது. இரும்புக் கம்பிகளை முறுக்கி ஒரு புரி, அப்படி ஆறு புரிகளை நடுவில் ஒரு கருவைச் சுற்றி முறுக்கினால் கயிறு. இரண்டு முனைகளையும் இணைக்கும்போது புரி புரியாகப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்து, புரியின் நுனிகளைக் கருவை எடுத்த இடத்தில் உள்ளே செருகிவிடுகிறார்கள். இணைப்பின் நீளம் கயிற்றின் விட்டத்தைப் போல சுமார் 1,200 மடங்கு. 5 செ.மீ. கயிறு என்றால் 60 மீட்டர்! இழுக்க இழுக்க புரிகள் ஒன்றையொன்று இன்னும் இறுக்கிப் பிடிக்கும். ஊருக்கு வந்து இதைச் சொன்னதும் அப்பா, "புதுப் பாவை பழைய பாவோட இழை இழையா முறுக்கிச் சேர்க்கிற மாதிரின்னு சொல்லு" என்று முடித்துவிட்டார். எனக்கு அரை நாள் ஆனது புரிய.

கேபினைக் கயிற்றோடு பிடித்து வைத்திருப்பது ஸ்பிரிங் வைத்த ஒரு பிடி. அதைத் திறக்கத்தான் வெளியிலிருந்து விசை வேண்டும், அது ஸ்டேஷனில் மட்டும் நடக்கும். அதனால் கரண்ட் போனாலும் பிடி விடாது. மோட்டார் நின்றால் மெதுவாக இழுத்துக் கொண்டுவர மாற்று இன்ஜின் இருக்கும். நடுவில் ஒரு நிமிடம் நிற்பது பெரும்பாலும் யாரோ வயதானவர் ஸ்டேஷனில் ஏற சிரமப்படுவதாலோ, காற்று கொஞ்சம் வேகமானதாலோதான்.

அப்படியென்றால் விபத்தே நடக்காதா? நடந்திருக்கிறது. 1983 ஜனவரியில் சிங்கப்பூரில் ஒரு துளையிடும் கப்பலின் கோபுரம் கேபிளில் சிக்கி, இரண்டு கேபின்கள் கடலில் விழுந்து 7 பேர் இறந்தார்கள். 2022 ஏப்ரலில் ஜார்க்கண்ட் தேவ்கர் அருகே திரிகூட மலையில் சிக்கியவர்களை விமானப்படை ஹெலிகாப்டர்கள் மீட்டு முடிக்க இரண்டு நாள் ஆனது. 3 பேர் உயிரிழந்தார்கள்.

என்னைத் தூங்கவிடாதது 2021 மே மாதம் இத்தாலியின் மோத்தரோனே மலையில் நடந்ததுதான். இழுவைக் கயிறு அறுந்தது. அதற்காகவே இருந்த அவசர பிரேக் வேலை செய்யவில்லை. அடிக்கடி தானாகப் பிடித்து தொல்லை கொடுக்கிறது என்று அந்த பிரேக்கை இரும்புக் கவ்வி போட்டு முடக்கி வைத்திருந்தார்கள். 14 பேர் பலி. பிழைத்தது ஒரே ஒரு சிறுவன். 'இன்னைக்கு மெயின்டனன்ஸ், சர்வீஸ் இல்லை' என்ற போர்டைப் பார்த்து இனி நான் கடுப்பாக மாட்டேன்.

அப்பா, அம்மாவை முதல்முறை கூட்டிப்போகிறீர்களா? பக்கத்து ராணிப்பேட்டை மாவட்டத்தில் சோளிங்கர் ரோப் காரில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். 1,305 படி ஏற முடியாதவர்களுக்காக 2024 மார்ச்சில் திறந்தது. அங்கேயே தலை சுற்றினால் லங்காவி டிக்கெட் வேண்டாம். இதய நோய் இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

அங்கே போனால் காலையிலேயே ஏறிவிடுங்கள். இடி, மழை, பலத்த காற்று என்றால் நிறுத்திவிடுவார்கள், அதனால் ஊர் திரும்பும் நாளில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள். நடுவில் நின்றால் எழுந்து கேபினை ஆட்டக் கூடாது, கதவில் கை வைக்கக் கூடாது. உள்ளே ஒட்டியிருக்கும் அவசர எண்ணை ஏறியதுமே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே இறங்கக் கடைசி கேபின் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் மேலே போனதும் கேட்டுவிடுங்கள்.