மேலே பூசியிருப்பது என்ன?

சூடான டீ டம்ளரை டீபாய் மேல் வைத்து எடுத்தால் சில வீடுகளில் ஒரு வெள்ளை வளையம் விழும். உடனே ஈரத்துணியை எடுத்து அழுத்தித் தேய்ப்போம். வளையம் போகாது, பளபளப்புதான் போகும்.

அந்தக் கறை மரத்தில் விழுந்ததல்ல, மரத்தின் மேல் பூசிய பாலிஷில் விழுந்தது. வீட்டுச் சாமான்களைப் பராமரிப்பதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். நம் கை படுவது பெரும்பாலும் தேக்கிலோ இரும்பிலோ அல்ல, அவற்றின் மேல்பூச்சில். அந்தப் பூச்சு எதற்குத் தாங்கும், எதற்குத் தாங்காது என்று தெரிந்துவிட்டால் துடைக்கும் முறை தானாகவே பிடிபடும்.

பழைய தேக்கு, தோதகத்திச் சாமான்களில் பெரும்பாலும் இருப்பது ஸ்பிரிட் பாலிஷ். அரக்குப் பூச்சிகள் மரக்கிளைகளில் சுரந்து வைக்கும் அரக்கைச் சுத்தம் செய்து, ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சுத்துணியால் பல தடவை பூசுவார்கள். ஸ்பிரிட் ஆவியாகிவிடும், அரக்கு மெல்லிய ஏடாக மரத்தின் மேல் தங்கும். பார்க்க அத்தனை அழகு. ஆனால் சூட்டில் இளகும், ஈரம் உள்ளே புகுந்தால் வெளுக்கும், ஸ்பிரிட் பட்டால் மறுபடி கரையும். கொரோனா காலத்தில் சானிடைசர் சிந்திய மேஜைகளில் திட்டுத்திட்டாகப் பாலிஷ் போனது இதனால்தான். சானிடைசரில் பெரும்பகுதி ஆல்கஹால்.

வெள்ளை வளையம் விழுந்துவிட்டால் பதற வேண்டாம். ஓரிரு நாள் மின்விசிறிக் காற்றில் விட்டுப் பாருங்கள். ஈரம் வெளியேறினால் தானே மங்கும். மங்காவிட்டால் உலர்ந்த பருத்தித் துணியை அதன் மேல் விரித்து, மிகக் குறைந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியைச் சில விநாடி மட்டும் ஒற்றி எடுங்கள். ஒவ்வொரு தடவையும் துணியைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். வளையம் கறுப்பாக இருந்தால் கதை வேறு. தண்ணீர் பாலிஷைத் தாண்டி மரத்துக்கே இறங்கிவிட்டது என்று பொருள். உப்புத்தாள் போட்டு இழைத்துப் புதிதாகப் பாலிஷ் போடத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

புதுச் சாமான்களில் மெலமைன் அல்லது பி.யு. பாலிஷ் இருக்கும். அவை கெட்டியானவை, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியைத் தாங்கும். எது எது என்று சந்தேகமா? கண்ணில் படாத அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு.

மரத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அன்போடு செய்கிற காரியம்தான், ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன். தேங்காய் எண்ணெய் காய்ந்து கெட்டியாகாது. தடவிய அன்று மின்னும், ஒரு வாரத்தில் தெருப்புழுதி முழுக்க அதில் ஒட்டிக்கொள்ளும். ஆளிவிதை எண்ணெய், அதாவது லின்சீடு ஆயில், அப்படியல்ல. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துத் தானே இறுகும். அதனால்தான் பூச்சில்லாத மரத்துக்கு லின்சீடு ஆயில் கொடுக்கிறார்கள். ஒரே எச்சரிக்கை: இறுகும்போது அது சூட்டை வெளிவிடும். எண்ணெயில் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.

கட்டிலுக்கு அடியில் மாவு போன்ற தூள் கொட்டிக் கிடந்தால் கூட்டித் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். அது உளு. மரத்தில் குண்டூசித் துளைகள் தெரியும். மண் பூசிய தடம் ஏறினால் அது கரையான். இரண்டுக்கும் மருந்து வேறு, வழியும் வேறு. தேக்கின் வைரப்பகுதியைக் கரையான் எளிதில் தொடாது. ஆனால் வெளிர்நிற வெளிமரத்துக்கு அந்தப் பலம் கிடையாது. தேக்கு என்று சொல்லி விற்கும் சாமானில் வெளிமரம் கலந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குவது இதற்காகத்தான்.

பார்ட்டிகிள் போர்டு சாமான்களுக்கு எமன், வீடு துடைக்கும் மாப்தான். மேலே ஒட்டியிருக்கும் தகடு தண்ணீரைத் தாங்கும். அடி விளிம்பு வழியாக நீர் ஏறினால் உள்ளிருக்கும் மரத்தூள் ஊதிவிடும். ஊதியது காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. கால்களுக்கு ரப்பர் புஷ் போட்டுத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி வையுங்கள். இரும்பு பீரோவுக்கும் இதே வைத்தியம். அதன் துரு பெரும்பாலும் பெயிண்ட் உரிந்த காலடியில்தான் தொடங்கும். உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, அதன் மேல் பெயிண்ட் அடித்தால் அடங்கும். கடலோர ஊர்களில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

தண்ணீரே மருந்தாகும் சாமான் ஒன்று உண்டு: பிரம்புப் பின்னல் நாற்காலி. உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் தொய்ந்துவிட்டால் தூக்கிப் போடாதீர்கள். பிரம்பின் மேல்தோல் வழவழப்பானது, நீரை வாங்காது. அடிப்பக்கம் வாங்கும். நாற்காலியைக் கவிழ்த்து, வெந்நீரில் நனைத்த துணியைப் பின்னலின் அடியில் அரைமணி நேரம் போட்டு வையுங்கள். பிறகு நிழலில், யாரும் உட்காராமல், நன்றாகக் காயட்டும். காயும்போது நார் சுருங்கி, பின்னல் மறுபடி இறுகும். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். இழை அறுந்திருந்தால் இது பலிக்காது, புதிதாகப் பின்னத்தான் வேண்டும்.

ரெக்சின் சோபாவில் தலை சாயும் இடம்தான் முதலில் கெடும். காரணம் தலை எண்ணெயும் வியர்வையும். இளஞ்சோப்பு நீரில் துடைத்து உடனே உலர்த்தினால் போதும். தின்னர், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள். செதில் செதிலாக உரியும் செயற்கைத் தோலுக்கு மட்டும் வைத்தியம் இல்லை. காற்றின் ஈரமே அந்தப் பூச்சைச் சிதைக்கிறது. அதனால் புழுக்கமான ஊர்களில் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பிளாஸ்டிக் நாற்காலிக்கு மேல்பூச்சு என்று எதுவும் இல்லை. அழுக்குக்குச் சோப்பு நீர் போதும். கம்பி நாரால் தேய்த்தால் கீறல்களில் அழுக்கு நிரந்தரமாகக் குடியேறும். அதைவிடப் பெரிய பகை வெயில். மொட்டை மாடியில் கிடந்த நாற்காலி நிறம் வெளுத்து, தொட்டால் கையில் சுண்ணாம்பு போல ஒட்டுகிறதா? வெயிலின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் பிணைப்பை அறுத்துவிட்டது. அது வளையாது, திடீரென்று முறியும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அப்படிப்பட்ட நாற்காலியை இன்றே ஒதுக்கிவிடுங்கள்.