சீரம் பாட்டிலுக்குள் காளானுக்கு என்ன வேலை?

"புளிக்கவைத்த தாவரச் சாறு", "காளான் ஆன்டிஆக்சிடன்ட்" என்று சீரம் பாட்டில்களில் இப்போ நிறையவே பார்க்கிறோம். இதில் சரக்கு எவ்வளவு, விளம்பரம் எவ்வளவு?

சரக்கு இருக்கு. அதன் பெயர் எர்கோதியோனின். 1909-ல் பிரான்சைச் சேர்ந்த சார்ல் தான்ரே, ரை தானியக் கதிரைத் தாக்கும் எர்காட் பூஞ்சையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு கந்தக அணு சேர்ந்த மூலக்கூறு இது. பூஞ்சைகளும் சில பாக்டீரியாக்களும்தான் இதைத் தயாரிக்கும். நம் உடம்புக்கு அந்த வித்தை தெரியாது, சாப்பாட்டிலிருந்துதான் வரணும்.

ஆச்சரியம் என்னன்னா, தானே தயாரிக்காத இந்தப் பொருளை உள்ளே இழுக்க நம் செல்களில் தனிக் கதவு இருக்கு. ஓசிடிஎன்1 என்ற அந்தப் புரதத்தின் முக்கிய வேலை இதுதான் என்று ஜெர்மன் ஆய்வாளர்கள் 2005-ல் கண்டுபிடித்தார்கள். தோல் செல்களிலும் அந்தக் கதவு உண்டு. அழகுசாதனக் கம்பெனிகளின் ஆர்வத்துக்கு இது ஒரு காரணம். இன்னொன்று, வைட்டமின் சி சீரம் காற்று பட்டால் பழுப்பாகிவிடும். எர்கோதியோனின் அவ்வளவு சீக்கிரம் கெடாது.

சரி, புளிக்கவைப்பது எதுக்கு? இங்கேதான் குழப்பம். ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம்.

ஒன்று: தொட்டியில் நுண்ணுயிரிகளை வளர்த்து, அவை தயாரிக்கும் எர்கோதியோனினைத் தனியே சுத்தம் செய்து எடுப்பது. லேபிளில் "எர்கோதியோனின்" என்றே இருக்கும்.

இரண்டு: தாவரச் சாற்றையோ காளானையோ ஈஸ்ட், லாக்டோபேசிலஸ் போட்டுப் புளிக்கவைத்து வடிகட்டிய நீர். லேபிளில் "ஃபெர்மென்ட் ஃபில்ட்ரேட்" என்று வரும். இதில் கரிம அமிலங்கள், அமினோ அமிலங்கள், பாலிஃபீனால்கள் கலந்திருக்கும். எது எவ்வளவு என்பது செய்முறையைப் பொறுத்தது. பெரும்பகுதி தண்ணீர்தான்.

விளம்பரத்தில் வரும் "ஆன்டிஆக்சிடன்ட் சக்தி" எண்ணையும் கொஞ்சம் கவனிங்க. அது பெரும்பாலும் டிபிபிஹெச் போன்ற சோதனையில் கிடைத்தது: ஊதா நிறக் கரைசலில் பொருளை ஊற்றி, எவ்வளவு வெளுக்கிறது என்று அளப்பார்கள். டீத்தண்ணியை ஊற்றினாலும் வெளுக்கும்! கண்ணாடிக் குழாயில் நடப்பது தோலுக்குள் நடக்கணும்னா, முதலில் அது மேல்தோலைத் தாண்டணும். எர்கோதியோனின் சின்ன மூலக்கூறுதான், எடை சுமார் 229 டால்டன். ஆனால் தண்ணீரில் நன்றாகக் கரையும். தோலின் மேலடுக்கோ கொழுப்பால் பூசிய சுவர். அதனால் அளவு சின்னது என்பதால் மட்டும் உள்ளே போய்விடாது.

வாங்குமுன் லேபிளைப் படிங்க. பொருட்களை அளவின் இறங்குவரிசையில் எழுதுவதுதான் வழக்கம். 1 சதவீதத்துக்குக் கீழே இருப்பவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். ஃபினாக்சிஎத்தனால் போன்ற பதப்படுத்தி பொதுவாக 1 சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. காளான் பெயர் அதற்கும் பின்னால் இருந்தால், அளவு ரொம்பக் கம்மி என்று யூகிக்கலாம்.

எந்த ஆன்டிஆக்சிடன்டும் சன்ஸ்கிரீனுக்கு மாற்று இல்லை. முதல் காசு அதற்குப் போகட்டும். எர்கோதியோனின்தான் வேணும்னா சிப்பிக்காளான் வாங்கிச் சமைங்க. பட்டன் காளானைவிட அதில் அதிகம், அடுப்புச் சூட்டையும் தாங்கும்.